ஓடைக்கல் வண்டும் வெள்ளை அந்துப்பூச்சியும்

மலையோடையின் நடுவே பாசி படர்ந்த கற்கள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் மேல் கரும்பச்சை நிற வண்டு ஒன்று அமர்ந்திருக்கிறது. அது அசையாதவரை, அங்கே ஒரு வண்டு இருப்பதே நம் கண்ணுக்குத் தெரியாது. உலகின் வேறொரு மூலையில், தோட்டங்களிலும் புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் இரவு நேரத்தில் ஓர் அந்துப்பூச்சி பறக்கிறது. அதன் சிறகுகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. இருட்டிலும் அது பளிச்சென்று தெரியும்.

இரண்டும் சிறிய உயிர்கள். இரண்டையும் உண்ணப் பறவைகள் காத்திருக்கின்றன. ஆனால், ஒன்று மறைந்து வாழ்கிறது. மற்றொன்று தன்னை மறைத்துக்கொள்ள முயல்வதே இல்லை. பின் இரண்டும் எப்படிப் பிழைக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் காட்டிலும் சரவாக்கின் மலைச்சரிவிலும் வலையும் பெட்டியுமாக அலைந்த இயற்கை அறிஞர் அவர்.

பள்ளியை விட்ட சிறுவன்

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில், அஸ்க் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் எட்டாமவர். தந்தை செய்த முதலீடுகள் கைகொடுக்கவில்லை. குடும்பத்தின் செல்வம் ஆண்டுதோறும் கரைந்தது. அதனால், ஏறத்தாழ பதினான்கு வயதிலேயே வாலஸின் பள்ளிப் படிப்பு முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படிக்கவில்லை.

அண்ணன் வில்லியம் நில அளவையாளராகப் பணியாற்றி வந்தார். வாலஸ் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயல்களிலும் குன்றுகளிலும் நாள் முழுவதும் நடப்பதே அவருடைய வேலை. நடக்கும் வழியெங்கும் பெயர் தெரியாத செடிகள் அவரைக் கவர்ந்தன. மலிவு விலை நூல் ஒன்றை வாங்கி, அதன் துணையோடு செடிகளை அடையாளம் காணக் கற்றுக்கொண்டார். வேலை இல்லாத நாள்களில் செடிகளைப் பறித்து உலர்த்திச் சேமித்தார்.

1844ஆம் ஆண்டு அவர் லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அந்நகர நூலகத்தில் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். பேட்ஸ் வண்டுகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். அவர் தம் சேகரிப்பைக் காட்டியபோது வாலஸ் வியப்பில் ஆழ்ந்தார். ஒரே நகரைச் சுற்றிப் பத்து மைல் தொலைவுக்குள் ஏறத்தாழ ஆயிரம் வகை வண்டுகள் கிடைக்கக்கூடும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அன்று முதல் ஒரு புட்டி, சில குண்டூசிகள், ஒரு பெட்டி ஆகியவை அவருடைய செல்வங்கள் ஆயின.

ஒரே வகையான உயிரில் இத்தனை வேறுபாடுகள் ஏன் தோன்றின? இக்கேள்வி அவர் மனத்தில் வேர்விட்டது. வாழ்நாள் முழுவதும் அது அவரை விடவில்லை.

நெருப்பில் கரைந்த நான்காண்டு உழைப்பு

1848ஆம் ஆண்டு வாலஸும் பேட்ஸும் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குக் கப்பலேறினர். அவர்களிடம் பெரிய செல்வம் எதுவும் இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் அவற்றை அரும்பொருளகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றுப் பணம் அனுப்புவார். அந்தப் பணத்தைக் கொண்டு பயணத்தைத் தொடர வேண்டும். இதுவே அவர்களின் திட்டம்.

பின்னர் வாலஸின் தம்பி ஹெர்பர்ட்டும் அமேசானுக்கு வந்து சேர்ந்தார். ஆனால், 1851ஆம் ஆண்டு அவர் மஞ்சள் காய்ச்சலால் பாரா நகரில் உயிரிழந்தார். அப்போது வாலஸ் ஆற்றின் மேற்பகுதியில் வெகு தொலைவில் இருந்தார். தம்பியின் இறுதி நேரத்தில் அருகில் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

காய்ச்சலாலும் களைப்பாலும் உடல் மெலிந்த வாலஸ், 1852ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹெலன் என்னும் கப்பலில் தாயகம் புறப்பட்டார். ஆகஸ்டு 6ஆம் நாள் நடுக்கடலில் கப்பலின் சரக்கறையில் தீப்பிடித்தது. அவசரத்தில் அவர் கையில் அகப்பட்டது ஒரு சிறிய தகரப்பெட்டி மட்டுமே. அதில் மீன்களையும் பனை வகைகளையும் வரைந்த சில படங்களும் குறிப்புகளும் இருந்தன. அவர் தமக்கென்று வைத்திருந்த பூச்சிகளும் பறவைகளும் நாட்குறிப்புகளும் கண்ணெதிரே எரிந்து சாம்பலாயின. திறந்த படகில் பத்து நாள் தத்தளித்த பிறகு வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

கரை சேர்ந்த வாலஸிடம் மாற்றுடைகூடச் சரியாக இல்லை. நல்லவேளையாக, ஸ்டீவன்ஸ் அவருடைய சேகரிப்பை 200 பவுனுக்குக் காப்புறுதி செய்திருந்தார். இனிமேல் கடற்பயணமே வேண்டாம் என்று வாலஸ் பலமுறை உறுதி எடுத்திருந்தார். ஆனால், கரையேறிய சில நாள்களிலேயே அடுத்த பயணம் எங்கே என்று எண்ணத் தொடங்கிவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த இடம் மலாய்த் தீவுக்கூட்டம்.

புக்கிட் தீமா முதல் சிமுஞ்ஜான் வரை

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாலஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். புக்கிட் தீமாவில் பிரெஞ்சு சமயத்தொண்டர் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். அக்காலத்தில் அந்தக் குன்றுகளில் சீன மரவெட்டிகள் மரங்களை வெட்டிப் பலகைகளாக அறுத்துக்கொண்டிருந்தனர். வெட்டுண்ட அடிமரங்கள், உரிந்த பட்டைகள், மரத்தூள், உலர்ந்த இலைகள் எனக் காடெங்கும் குவிந்து கிடந்தன. மரத்தைத் துளைத்து வாழும் வண்டுகளுக்கு அது விருந்தாக அமைந்தது.

காட்டில் அச்சமும் இருந்தது. சிங்கப்பூரில் அப்போது புலிகள் நடமாடின; தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பலர் அவற்றுக்கு இரையாயினர். புலிகளைப் பிடிக்க ஆங்காங்கே ஆழமான குழிகள் தோண்டி, இலைதழைகளால் மூடி வைத்திருந்தனர். பூச்சியின் மேல் கண்வைத்து நடப்பவர் அந்தக் குழிக்குள் விழவும் கூடும். இத்தகைய சூழலில் வாலஸ் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றுள் 130 வகை நீண்ட உணர்கொம்புகளைக் கொண்டவை. அவர் சுற்றித் திரிந்த காட்டின் பரப்போ ஒரு சதுர மைலுக்கு மேல் இராது.

பின்னர் அவர் மலாக்காவுக்குச் சென்றார். அங்கே காய்ச்சலால் துன்புற்றார். உடல் தேறியதும் லேடாங் மலை ஏறினார். அவ்வாண்டு நவம்பரில் சரவாக்கை அடைந்தார். 1855ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிமுஞ்ஜான் ஆற்றுப் பகுதியில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சென்று தங்கினார். சுரங்கத்துக்காகவும் பாதைக்காகவும் அங்கே காட்டின் ஒரு பகுதி அழிக்கப்பட்டிருந்தது. வெயில் படும் இடத்தில் பட்ட மரங்கள் கிடந்ததால் வண்டுகள் திரண்டு வந்தன.

அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சரவாக்கின் பல இடங்களில் அவர் சேர்த்தவை 320 வகை வண்டுகள்தாம். சிமுஞ்ஜானில் இரண்டு வாரத்துக்குள் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று. ஒரே நாளில் 76 வகைகள் கிடைத்ததும் உண்டு. அவற்றுள் 34 அவர் அதுவரை கண்டிராதவை. தாமாகவே எல்லாவற்றையும் பிடிக்க இயலாது என்பதை உணர்ந்த அவர், ஒரு பூச்சிக்கு ஒரு காசு தருவதாக அறிவித்தார். சீனத் தொழிலாளர்களும் டாயாக் மக்களும் மூங்கில் குழாய்களில் பூச்சிகளைக் கொண்டு வந்து குவித்தனர். போர்னியோவில் அவர் சேகரித்த ஏறத்தாழ 2,000 வகை வண்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில் கிடைத்தவையே.

சரவாக்கில் அவருக்கு மற்றொரு பேறும் கிட்டியது. அலி என்னும் மலாய் இளைஞர் முதலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே பறவைகளைச் சுடவும் அவற்றின் தோலைப் பதப்படுத்தவும் தேர்ச்சி பெற்றார். படகோட்டத் தெரிந்தவர், காய்ச்சலில் கிடந்த வாலஸை உடனிருந்து கவனித்தவர். தீவு தீவாக வாலஸ் சென்ற பயணங்களில் அலியே அவருடைய தலைமை உதவியாளர். வாலஸின் சாதனைகளில் அலியின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

விளக்கொளியில் 1,386 அந்துப்பூச்சிகள்

வண்டுகளைப் பகலில் தேடலாம். அந்துப்பூச்சிகளுக்காக இரவில் காத்திருக்க வேண்டும். 1855ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கான வாய்ப்பு வாலஸுக்குக் கிடைத்தது. சரவாக்கின் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கிற்கு பெனின்ஜாவ் மலைச்சரிவில் ஒரு சிறு மரவீடு இருந்தது. வாலஸ் அங்கே தங்கினார். அவ்வீட்டின் தாழ்வாரத்துக்கு வெள்ளையடித்த பலகைச் சுவரும் தாழ்வான கூரையும் இருந்தன.

மாலையானதும் அவர் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு விளக்கை ஏற்றி வைப்பார். குண்டூசி, இடுக்கி, வலை, பெட்டி ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டு நூலைப் படித்தபடி காத்திருப்பார். சில நாள்களில் இரவு முழுவதும் ஒரே ஓர் அந்துப்பூச்சிதான் வரும். வேறு சில நாள்களில் அவை கூட்டங்கூட்டமாக வந்து சுவரிலும் கூரையிலும் அமரும். அப்போது நள்ளிரவு தாண்டியும் அவருக்கு ஓய்வு இராது.

எந்த இரவில் எத்தனை வந்தன, அன்று மழையா நிலவா என்பதை அவர் தவறாமல் குறித்து வைத்தார். 26 இரவுகளில் அவர் பிடித்தவை மொத்தம் 1,386. அவற்றுள் 800க்கும் மேற்பட்டவை நான்கே இரவுகளில் கிடைத்தவை. அந்த நான்கு இரவுகளும் மழை பெய்த இருண்ட இரவுகள். நிலவு வீசும் தெளிந்த இரவுகளில் அந்துப்பூச்சிகள் விளக்கை நாடி வருவது அரிது என்பதை அவர் அறிந்துகொண்டார்.

பிறகு பல தீவுகளில் அவர் இதே முறையைக் கையாண்டார். எங்கும் இவ்வளவு பூச்சிகள் வரவில்லை. காரணத்தை அவர் சிந்தித்துப் பார்த்தார். மற்ற வீடுகளின் கூரைகள் உயரமானவை, ஓலையால் வேய்ந்தவை. உள்ளே வந்த பூச்சி மேலே பறந்து இருளில் மறைந்துவிடும். தாழ்வான வெள்ளைத் தாழ்வாரத்தில் அவ்வாறு மறைய இடமில்லை. தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு, அதைத் தேடிக் கண்டறிய வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

காய்ச்சலில் பிறந்த கருத்து

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாலஸ் மலுக்குத் தீவுகளில் இருந்தார். மலேரியா காய்ச்சல் அவரை வாட்டியது. வெப்பமான பகலிலும் போர்வையைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி படுத்திருந்தார். உடல் ஓய்ந்தாலும் மனம் ஓயவில்லை. லெஸ்டர் நகரில் எழுந்த பழைய கேள்வியை அவர் மீண்டும் எண்ணிப் பார்த்தார்.

ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்கள் பிறக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. எவை பிழைக்கின்றன? சூழலுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தவையே பிழைக்கின்றன. அவற்றின் நற்கூறுகள் அவற்றின் குஞ்சுகளுக்கும் வருகின்றன. தலைமுறை தலைமுறையாக இது தொடரும்போது, உயிரினம் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிறது. காய்ச்சல் தணிந்ததும் வாலஸ் இக்கருத்தைச் சில மாலைப்பொழுதுகளில் எழுதி முடித்தார். தெர்னாத்தேயிலிருந்து அக்கட்டுரையை இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார்.

கட்டுரையைப் படித்த டார்வின் திகைத்துப்போனார். அதே கருத்தை அவர் சுமார் இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தார். ஆனால், அதை வெளியிடவில்லை. இறுதியில், நண்பர்களின் ஏற்பாட்டால் இருவரின் எழுத்துகளும் 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லண்டனில் உள்ள லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

தம் கட்டுரை அவ்வாறு படிக்கப்படப் போவது வாலஸுக்கு முன்கூட்டித் தெரியாது. உலகம் டார்வினின் பெயரையே பெரிதும் போற்றியது. இதற்காக வாலஸ் வருந்தவில்லை, வழக்காடவும் இல்லை. டார்வின் நெடுங்காலம் உழைத்துத் திரட்டிய சான்றுகளைத் தம்மால் திரட்டியிருக்க முடியாது என்றே அவர் கருதினார். பிற்காலத்தில் இக்கொள்கையை விளக்கித் தாம் எழுதிய நூலுக்கும் டார்வினின் பெயரையே சூட்டினார்.

மறைந்து வாழும் வண்டு

இயற்கைத் தேர்வு என்னும் இக்கொள்கை உண்மையானால், பூச்சிகளின் நிறத்துக்கும் அது காரணம் கூற வேண்டும் அல்லவா? வாலஸ் தாம் நேரில் கண்டவற்றிலிருந்து அதற்கு விடை தேடினார். புலிவண்டுகள் அவருக்கு நல்ல சான்றாயின. இவை தரையில் விரைந்து ஓடிச் சிறு பூச்சிகளை வேட்டையாடும் பகல்நேர வண்டுகள்.

சுலாவேசித் தீவின் மலையோடை ஒன்றில், ஈரப்பாசி படர்ந்த கற்களின் மேல் மட்டும் ஒரு புலிவண்டு வாழ்வதை அவர் கண்டார். அதன் நிறம் பட்டுப் போன்ற கரும்பச்சை. பாசியின் நிறத்தோடு அது கலந்துவிடுவதால், தேர்ந்த சேகரிப்பாளரான அவரே அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டார். காட்டுப் பாதைகளில் உதிர்ந்த சருகுகளின் மேல் ஓடிய வேறொரு புலிவண்டு பழுப்பு நிறமாக இருந்தது. உப்பு நீர்ச் சதுப்பில் வாழ்ந்த மற்றொன்று சேற்றின் நிறத்தையே கொண்டிருந்தது. வெயிலில் அதன் நிழல் விழுந்தால்தான் அது இருப்பதே தெரியும். பவளத்தூளால் வெண்மையான கடற்கரையில் வெளிறிய புலிவண்டுகள் இருந்தன. எரிமலைச் சாம்பலால் கறுத்த கடற்கரையில் கருமையான புலிவண்டுகள் இருந்தன.

இவை அனைத்தும் நெருங்கிய உறவுடையவை. ஆயினும், ஒவ்வொன்றும் தான் வாழும் தரையின் நிறத்தைப் பெற்றிருந்தது. பாசிக்கல்லின் மேல் வெளிறிய வண்டு ஒன்று ஓடினால், பறவை அதை முதலில் கொத்திச் செல்லும். பச்சை நிற வண்டு தப்பிப் பிழைக்கும். அதன் குஞ்சுகளும் பச்சையாக இருக்கும். வண்டு தானாக எண்ணி நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எண்ணற்ற தலைமுறைகளாகப் பறவைகளின் கண்கள் அதைத் தேர்ந்தெடுத்து வந்துள்ளன.

மறையாமல் வாழும் அந்துப்பூச்சி

ஆனால், எல்லாப் பூச்சிகளும் மறைந்து வாழ்வதில்லை. சில கம்பளிப்பூச்சிகள் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இலைகளின் மேல் வெளிப்படையாக ஊர்கின்றன. இது டார்வினைக் குழப்பியது. 1867ஆம் ஆண்டு அவர் இது குறித்து வாலஸிடம் கேட்டார். கேட்குமாறு தூண்டியவர் வாலஸின் பழைய நண்பர் பேட்ஸ்.

வாலஸ் இவ்வாறு விளக்கினார். அத்தகைய புழுக்களின் உடல் பறவைகளுக்குப் பிடிக்காத சுவையுடையதாக இருக்கலாம். ஆனால், புழுவின் தோல் மென்மையானது. பறவை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாலும் புழு இறந்துவிடும். ஆகவே, கசப்பாக இருப்பது மட்டும் போதாது. கொத்துவதற்கு முன்பே பறவைக்கு அது தெரிய வேண்டும். பளிச்சென்ற நிறமே அந்த எச்சரிக்கை.

இது அப்போது வெறும் ஊகம்தான். வாலஸ் அதை உண்மையென்று சாதிக்கவில்லை. லண்டன் பூச்சியியல் கழகத்தின் கூட்டத்தில் தம் கருத்தை முன்வைத்து, பறவை வளர்ப்பவர்கள் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். ஜான் ஜென்னர் வியர் என்பவர் தம் பறவைக் கூண்டில் பல வகைப் புழுக்களை இட்டுச் சோதித்தார். மங்கிய நிறப் புழுக்களைப் பறவைகள் விரும்பி உண்டன. பளிச்சென்ற நிறமும் மயிரும் உடைய பல வகைகளை அவை தொடவில்லை. ஊகம் சான்றாக மாறியது.

வெள்ளை அந்துப்பூச்சியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ஸ்டெய்ன்டன் என்னும் ஆய்வாளர் இரவில் அந்துப்பூச்சிகளைப் பிடித்து, தமக்கு வேண்டாதவற்றைத் தம் வான்கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டார். குஞ்சுகள் அவற்றை ஆவலோடு விழுங்கின. ஆனால், அவற்றினிடையே கறும்புள்ளிகள் கொண்ட வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று கிடந்தது. ஒரு குஞ்சு அதைக் கவ்வியது. தலையை உதறிக் கீழே போட்டது. அடுத்த குஞ்சு ஓடிவந்து கவ்வியது. அதுவும் கீழே போட்டது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சுகள் அனைத்தும் அதை வெறுத்து ஒதுக்கின. வியர் செய்த சோதனையிலும் பறவைகள் அந்த வகையை உண்ணவில்லை.

இந்த அந்துப்பூச்சி இரவில் பறப்பது. பகலில் பளிச்சென்ற நிறம் கம்பளிப்பூச்சிக்குச் செய்யும் உதவியை, இருளில் வெள்ளை நிறம் இதற்குச் செய்கிறது என்று வாலஸ் கருதினார். இதே காலத்தில் வெளிவரும் வேறோர் அந்துப்பூச்சி இனமும் இங்கிலாந்தில் உண்டு. அதில் ஆண் பழுப்பு நிறம். பெண் மட்டும் வெள்ளை. வெறுக்கப்படும் பூச்சியைப் போலத் தோன்றுவதால் அந்தப் பெண் பூச்சிகளும் பறவைகளிடமிருந்து தப்பக்கூடும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

ஒரே விதி, இரு வழிகள்

வண்டையும் அந்துப்பூச்சியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி என நான்கு பருவங்களைக் கடந்து வளர்கின்றன. இரண்டுக்கும் ஆறு கால்களும் நான்கு சிறகுகளும் உண்டு. ஆனால், வண்டின் முன்சிறகுகள் கெட்டியான ஓடாக மாறி உடலைக் காக்கின்றன. அந்துப்பூச்சியின் சிறகுகளோ தொட்டால் உதிரும் நுண்செதில்களால் ஆனவை போலத் தோன்றும். வண்டு இரையைக் கடித்து மெல்லும் தாடைகளை உடையது. அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு உறிஞ்சும் குழலே வாயாகும்.

உயிர் காக்கும் முறையிலும் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். பச்சைப் புலிவண்டு பகலில் நடமாடுகிறது. தன் தரையோடு ஒன்றிப்போய்ப் பறவையின் கண்ணுக்குத் தப்புகிறது. வெள்ளை அந்துப்பூச்சி இரவில் நடமாடுகிறது. தன்னைத் தெளிவாகக் காட்டிப் பறவையின் நினைவில் பதிகிறது. புலிவண்டு வெள்ளையாக இருந்தால் அழிந்துவிடும். அந்துப்பூச்சி மங்கலாக இருந்தால், அதன் கெட்ட சுவையால் அதற்குப் பயன் குறைந்துவிடும். வழிகள் இரண்டு, அவற்றை இயக்கும் விதி ஒன்றே. எந்த நிறம் உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. எந்த இடத்தில், எந்த வாழ்க்கைக்கு அது பொருந்துகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

நிறைவான வாழ்வு

எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் பயணம் செய்த வாலஸ் 1862ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். இக்காலத்தில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 14,000 மைல். அவரும் அவருடைய உதவியாளர்களும் சேகரித்தவை 1,25,660. அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்து 13,100. இப்பயணங்களைப் பற்றி அவர் எழுதிய மலாய்த் தீவுக்கூட்டம் என்னும் நூல் 1869ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை அவர் டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். ஆசிய விலங்குகளும் ஆஸ்திரேலிய விலங்குகளும் பிரியும் எல்லையை அவர் வகுத்துக் காட்டினார். அது இன்றும் வாலஸ் கோடு என்றே அழைக்கப்படுகிறது.

புகழ் வந்தபோதும் செல்வம் அவரிடம் தங்கவில்லை. முதலீடுகளில் அவர் பெரும்பணத்தை இழந்தார். நிலையான பதவியும் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய நிலையை அறிந்த டார்வின் முன்னின்று முயன்றதால், 1881ஆம் ஆண்டு முதல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கியது. மறு ஆண்டு டார்வின் மறைந்தபோது, அவருடைய பேழையைத் தாங்கிச் சென்றவர்களுள் வாலஸும் ஒருவர். ஒரே கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடிப் பகைவர்களாகியிருக்கக்கூடிய இருவர், இறுதிவரை ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்தனர்.

1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் வாலஸ் காலமானார். சிங்கப்பூரின் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் இன்று அவர் பெயரால் ஒரு நடைபாதை இருக்கிறது. அதன் அருகே எழும் புக்கிட் தீமாக் குன்றில் அன்று அவர் வண்டுகளைத் தேடினார். புலிகள் அங்கே இப்போது இல்லை. காட்டின் பரப்பும் சுருங்கிவிட்டது. ஆயினும், உளுத்த மரத்தின் பட்டைக்கு அடியிலும் சருகுகளின் மேலும் வண்டுகள் இன்னும் வாழ்கின்றன. இரவில் விளக்கொளியை நாடி அந்துப்பூச்சிகள் இன்னும் வருகின்றன. அவற்றுள் ஒன்றைக் காணும்போது, அதன் நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருவர் நின்று கேட்டால், வாலஸ் தொடங்கிய பணியின் ஒரு சிறு பகுதியை அவரும் செய்தவர் ஆவார்.